கடல் பயத்துக்குக் கெட்டமைன் ட்ரிப்ஸா? குமரிக் கடற்கரையில் என்னிடம் கேட்கிற கேள்விகள்

ஆபரேஷன் தியேட்டரில் ஸ்டாஃப் நர்ஸாக முப்பது வருடம் நின்றவள் நான். ரிட்டையர் ஆன பிறகு, கடற்கரை ஊர்களில் மனநல முகாம் நடந்தால் பெயர் எழுதவும் பிரஷர் பார்க்கவும் போவேன். கொஞ்ச நாளாக அங்கே ஒரே கேள்வி. வளைகுடாவில் இருக்கிற மகனோ மருமகனோ வீட்டுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருப்பார். அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பிய பட்டாளத்துக்காரர்களுக்கு ஒரு ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்கள், பத்து வருடப் பயம் ஒரே நாளில் போய்விடுகிறது என்று அதில் சொல்கிறார்களாம். "சிஸ்டர், அதை நம்ம அப்பாவுக்குப் போடலாமா?"

நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த ட்ரிப்ஸில் ஏற்றுகிற கெட்டமைன் என்ற மருந்தை எத்தனையோ தடவை என் கையால் சிரிஞ்சில் எடுத்திருக்கிறேன். படித்ததையும், மனநல டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பாவுக்கு இருப்பது பி.டி.எஸ்.டி.தானா, வெறும் பயமா?

ஒக்கிப் புயல் வந்தது 2017 நவம்பர் கடைசியில். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம். இன்றைக்கும் கொடியேற்றம் நெருங்கினால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் சில வீடுகளில் ஆண்கள் தூங்குவதில்லை. சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வாசலில் நட்சத்திரம் கட்டும்போதே முகம் வாடிப்போகிற அம்மாக்கள் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் இருக்கிறார்கள். நினைவு வந்து அழுவது நோயில்லை. அழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நோய் என்று சொல்ல நான்கு விஷயம் சேர்ந்து வர வேண்டும். நடந்தது கனவிலும் விழிப்பிலும் மறுபடி மறுபடி நடப்பதுபோல் வருவது. அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது. "என்னால்தான் அவன் செத்தான்" என்பதுபோல் மனதில் ஒரு எண்ணம் உறைந்துபோய், யாரிடமும் ஒட்டாமல் போவது. எப்போதும் உடம்பு விறைத்து, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் வீட்டையும் கெடுத்தால் அதுதான் பி.டி.எஸ்.டி., பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய். எனக்குத் தெரிந்த ஒருவர், காற்றில் கூரைத் தகரம் அடித்தால் எழுந்து உட்கார்ந்து, தூங்கும் பிள்ளைகளின் தலையை எண்ணுவார். ஒரு தடவை அல்ல, விடியும்வரை.

இது கடலில் மட்டும் வருவதில்லை. நான்குவழிச் சாலையில் நடந்த பைக் விபத்து, வீட்டுக்குள் நடக்கும் அடி உதை, சிறு வயதில் நடந்த பாலியல் கொடுமை, எல்லையில் வேலை பார்த்துத் திரும்பிய பட்டாளத்துக்காரர் என்று எதிலிருந்தும் வரும்.

கெட்டமைன் என்பது என்ன மருந்து?

பழைய மயக்க மருந்து. 1962இல் அமெரிக்காவில் பார்க் டேவிஸ் என்ற மருந்து நிறுவனத்துக்காக கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். 1970இல் அங்கே அனுமதி கிடைத்தது. வியட்நாம் போரில் காயம்பட்டவர்களுக்குப் பயன்பட்டது. மற்ற மயக்க மருந்துகளைப்போல் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் சட்டென்று கீழே இறக்காது என்பதால், பெரிய கருவிகள் இல்லாத சிறிய ஆஸ்பத்திரிகளுக்கு அது ஒரு வரப்பிரசாதம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது.

குதிரைக்குப் போடுகிற மருந்து என்கிறார்களே?

குதிரைக்கும் போடுவார்கள், பூனைக்கும் போடுவார்கள், கை எலும்பு முறிந்து வரும் குழந்தைக்கும் போடுவார்கள். பென்சிலின்கூட மாட்டுக்குப் போடுவதுதான்.

மயக்க மருந்து மனசை எப்படிச் சரிசெய்யும்?

முதலில் அளவைப் பாருங்கள். அறுபது கிலோ எடையுள்ள ஒருவரை அறுவை சிகிச்சைக்கு மயக்க நாங்கள் 60 முதல் 120 மில்லிகிராம் வரை ஒரு நிமிடத்தில் கொடுப்போம். மனநலத்துக்கு அதே ஆளுக்கு 30 மில்லிகிராம்தான், அதையும் 40 நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக. கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்பது கணக்கு. ஆள் தூங்கமாட்டார்.

மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்ல குளூட்டமேட் என்ற பொருளைப் பயன்படுத்துகிறது. அதை வாங்கிக்கொள்ளும் வாசல்களில் ஒன்றின் பெயர் என்.எம்.டி.ஏ. கெட்டமைன் அந்த வாசலைக் கொஞ்ச நேரம் அடைக்கிறது. அதன் தொடர்ச்சியாக, நீண்டகால மன அழுத்தத்தில் மெலிந்துபோன நரம்பு இணைப்புகள் மறுபடி துளிர்க்கின்றன என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மருந்து சில மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும். பலன் மட்டும் சில நாள், சில வாரம் நிற்கும். வழக்கமான மாத்திரைகள் நாலு முதல் ஆறு வாரம் எடுத்துக்கொள்ளும்போது இது ஒரே நாளில் வேலை செய்வதுதான் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

சரி, பி.டி.எஸ்.டி.க்கு வேலை செய்கிறதா இல்லையா?

இங்கேதான் வீடியோக்காரர்கள் பாதியைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியில் அட்ரியானா ஃபெடர் என்ற மனநல மருத்துவரின் குழு 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 41 பேர். ஒரு தடவை கெட்டமைன், ஒரு தடவை மிடசோலம் என்ற தூக்க ஊசி. எது எப்போது என்று நோயாளிக்குத் தெரியாது. ஏன் வெறும் உப்புநீர் கொடுக்கவில்லை என்று கேட்கலாம். கெட்டமைன் ஏறினால் தலை மிதக்கும், உப்புநீரில் மிதக்காது, ஆளுக்கு உடனே புரிந்துவிடும். அதனால் தலையைக் கிறுகிறுக்க வைக்கும் இன்னொரு மருந்தை எதிரில் நிறுத்தினார்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது கெட்டமைனுக்குத்தான் கூடுதல் பலன்.

அதே குழு 2021இல் 30 பேருக்கு இரண்டு வாரத்தில் ஆறு தடவை கொடுத்துப் பார்த்தது. கெட்டமைன் வாங்கியவர்களில் 67 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். மிடசோலம் வாங்கியவர்களில் 20 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் முன்னேறியவர்களில் பாதிப் பேருக்கு ஏறக்குறைய 27 நாளில் பலன் கரைந்துவிட்டது. ஒரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையில்.

அப்புறம் 2022இல் பெரிய ஆய்வு வந்தது. 158 பேர், எல்லாரும் அமெரிக்க ராணுவத்தில் இருப்பவர்கள் அல்லது முன்னாள் வீரர்கள். நாலு வாரத்தில் எட்டு தடவை. இங்கே பி.டி.எஸ்.டி. அறிகுறிகளில் கெட்டமைனுக்கும் வெற்று மருந்துக்கும் குறிப்பிட்டுச் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. கூடவே இருந்த மனச்சோர்வு மட்டும் குறைந்தது. வீடியோவில் காட்டுகிற அதே பட்டாளத்துக்காரர்களுக்கான அமெரிக்க அரசின் 2023 சிகிச்சை வழிகாட்டி, பி.டி.எஸ்.டி.க்குக் கெட்டமைன் வேண்டாம் என்ற பக்கம்தான் சாய்கிறது. இதை எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். மனச்சோர்வும் சேர்ந்து, "செத்துப்போகலாம்" என்ற நினைப்பில் கிடக்கிற, மற்ற சிகிச்சையெல்லாம் ஒழுங்காகப் பார்த்தும் எழும்பாத ஒருவருக்கு இது கொஞ்ச நாள் ஒரு கதவைத் திறந்து வைக்கலாம். திறந்த கதவு வழியாக அந்த நாலு வாரத்தில் ஆளை வெளியே கூட்டிவர வேறு ஏற்பாடு வேண்டும். இல்லையென்றால் ட்ரிப்ஸுக்குச் செலவழித்தது வீண்.

ஏற்றுகிற நாளில் என்னென்ன நடக்கும்?

முந்தின சில மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்று டாக்டர் சொல்வார். "ஒரு கட்டன் சாயா மட்டும் குடித்தேன் சிஸ்டர்" என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பிரஷர் பார்த்து, விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டி, கையில் ஊசி குத்தி ட்ரிப்ஸ் தொடங்கும். பத்து நிமிடத்தில் உதடு மரத்துப்போகும், சத்தம் தூரத்திலிருந்து கேட்கும், உடம்பு தன்னுடையதல்ல என்பதுபோல் இருக்கும். சிலருக்குக் குமட்டல். பிரஷர் ஏறும், அதனால்தான் அடிக்கடி பார்க்கிறார்கள். ட்ரிப்ஸ் நின்ற பிறகு ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதற்கு மேலும் கொஞ்ச நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்புவார்கள். கூட ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும்.

கடலில் இரண்டு நாள் மிதந்து கிடந்தவருக்கு "மிதக்கிற" மருந்தா?

இந்தக் கேள்வியை ஒரு மீனவரின் மனைவி கேட்டார். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத கேள்வி. இதைக் கேட்டபோது எனக்குத் தியேட்டர்தான் நினைவுக்கு வந்தது.

கெட்டமைன் மயக்கம் தெளியும்போது சிலர் கத்துவார்கள். சிலர் சிரிப்பார்கள். செத்துப்போன அம்மாவோடு பேசுவார்கள். எங்கள் மூத்த சிஸ்டர் சொல்லிக்கொடுத்த பாடம்: விளக்கைக் குறை, ட்ரேயைத் தடாலென்று வைக்காதே, உலுக்கி எழுப்பாதே, பெயரைச் சொல்லி மெதுவாகப் பேசு. பயந்த மனதோடு உள்ளே போகிறவர் பயந்துதான் வெளியே வருவார். பேசித் தைரியம் சொல்லி மயக்கினால் பெரும்பாலும் அமைதியாக எழும்புவார்.

குறைந்த அளவிலும் இது பொருந்தும். கன்னாஸை, அதாவது பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு இரவும் பகலும் அலையில் கிடந்த மனிதருக்கு, காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்ற உணர்வு வந்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்கே தெரியும். அதற்காக அவருக்கு இது கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்ன நடந்தது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும். "மிதக்கிறமாதிரி இருக்கும், நாற்பது நிமிடத்தில் ட்ரிப்ஸ் நிற்கும், அப்புறம் மெல்லத் தெளிந்துவிடும், நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறீர்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று ட்ரிப்ஸ் தொடங்கும் முன் ஒருவர் அவரிடம் சொல்ல வேண்டும். நடுவில் வேண்டாம் என்றால் உடனே நிறுத்தலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பேச்சுக்கு நேரமில்லாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

யாருக்குப் போடக்கூடாது?

கட்டுக்குள் வராத பிரஷர், சமீபத்தில் மாரடைப்பு, ரத்தக் குழாயில் வீக்கம், ஈரல் கடுமையாகக் கெட்டது, கர்ப்பம், காதில் குரல் கேட்கிற மாதிரியான மனநோய். நம் மாவட்டத்தில் நாற்பது தாண்டிய ஆண்களில் பிரஷர் இருப்பதே தெரியாமல் திரிகிறவர்கள் நிறைய. முகாமில் கருவியைக் கட்டியதும் எண்ணைப் பார்த்து அவர்களே திகைப்பார்கள்.

அப்பா தினமும் குடிக்கிறார். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கியவர்கள் பலர். கனவு வராமலிருக்க அது ஒன்றுதான் வழி என்று அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதைக் கேலி செய்யவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குடியோடு கெட்டமைன் சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. குடிக்குச் சிகிச்சை முதலில், ட்ரிப்ஸ் பேச்சு அப்புறம். திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், அதனால் அதையும் டாக்டர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். தூக்க மாத்திரை எடுக்கிறவர்களும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதில் சில வகை கெட்டமைனின் பலனைக் குறைக்கும்.

இந்த மருந்துக்கு அடிமையாகிவிடுவாரா?

டாக்டர் கையில், அளவோடு, ஆறு எட்டுத் தடவை என்றால் அந்தப் பயம் குறைவு. ஆனால் போதைக்காக இதைத் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. நீண்டகாலம் அதிகமாக எடுத்தால் மூத்திரப்பை சுருங்கிப் புண்ணாகும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டியிருக்கும். ஹாலிவுட் நடிகர் மேத்யூ பெர்ரி 2023இல் இறந்ததற்கு முக்கியக் காரணம் கெட்டமைன்தான். அவர் முறையான சிகிச்சையும் எடுத்துக்கொண்டிருந்தார். உயிரைப் பறித்தது அதற்கு வெளியே எடுத்தது.

வீட்டுக்கே வந்து போடுகிறோம் என்று ஒருவர் சொல்கிறார்.

வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்தியாவில் கெட்டமைன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. மருந்துச் சட்டத்தில் எக்ஸ் அட்டவணை, அதாவது சீட்டு இரண்டு பிரதி எழுதி ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்ள வேண்டிய வகை. நாங்கள் தியேட்டரில் பூட்டிய அலமாரியில் வைத்து, ஒவ்வொரு குப்பிக்கும் கையெழுத்துப் போட்டு எடுத்த பொருள் அது. மயக்கத்துக்குத்தான் அனுமதி, மன நோய்க்குப் போடுவது டாக்டரின் சொந்தப் பொறுப்பில் செய்யும் பயன்பாடு. அமெரிக்காவிலும் எந்த மன நோய்க்கும் கெட்டமைனுக்கு அனுமதி இல்லை. அதன் ஒரு பாதியான எஸ்கெட்டமைன் மூக்கு ஸ்பிரேக்கு 2019இல் மனச்சோர்வுக்காக மட்டும் கொடுத்தார்கள். மூச்சு நின்றால் குழாய் போடத் தெரிந்த ஆளும், ஆக்சிஜனும் இல்லாத அறையில் இதைப் போடக்கூடாது.

அப்படியென்றால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நிரூபணமான வழி பேச்சு சிகிச்சை. கேட்டதும் "பேசினால் போகிற நோயா இது" என்று சிரிக்கிறார்கள். சும்மா ஆறுதல் சொல்வதல்ல அது. நடந்ததைப் பாதுகாப்பான அறையில், பயிற்சி பெற்றவர் முன்னால், தொடக்கம் முதல் கடைசிவரை பல தடவை சொல்ல வைப்பார்கள். முதல் தடவை உடம்பு உதறும். எட்டாவது தடவை சொல்லும்போது அது நடந்து முடிந்த கதையாக மாறத் தொடங்கும். கூடவே, தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகப் போக வைப்பார்கள். முதல் வாரம் தேவாலயத் திண்ணையிலிருந்து கடலைப் பார்ப்பது, அடுத்த வாரம் மணலில் நடப்பது, அப்புறம் கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தில் உட்காருவது. பொதுவாக எட்டு முதல் பதினைந்து அமர்வு. கண்ணை இடவலமாக அசைத்தபடி நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் உண்டு.

மாத்திரையில் செர்ட்ராலின், பராக்செடின், வென்லஃபாக்சின் ஆகியவற்றுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. விலையும் குறைவு. பத்து நாள் போட்டுவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்தியவர்தான் பெரும்பாலும் என்னிடம் ட்ரிப்ஸ் பற்றி விசாரிக்கிறார்.

எங்கே போவது?

நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு போட்டு நேராகப் போகலாம். மேற்கே உள்ளவர்கள் தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள். போக முடியாத நேரத்தில், நடுராத்திரியானாலும், டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடலாம். தமிழில் பேசுவார்கள், காசில்லை. சாகும் எண்ணம் இருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ ட்ரிப்ஸ் போட நகையை அடகு வைக்கலாமா?

நம் ஊரில் சளி முற்றினாலே திருவனந்தபுரத்துக்கு வண்டி பிடிக்கிற வழக்கம் உண்டு. போவதில் தப்பில்லை. ஒரு தடவைக்கு என்ன விலை என்று கேட்காமல் ஆறு தடவைக்கு, போக்குவரத்தும் கூட வருகிறவர் கூலி இழப்பும் சேர்த்துக் கேளுங்கள். பலன் கரைந்தால் மறுபடி போட வேண்டுமா, மயக்க மருத்துவர் அறையில் இருப்பாரா, பேச்சு சிகிச்சை கூடவே உண்டா என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் வராத இடத்துக்காக நகை பெட்டியைவிட்டு வெளியே வர வேண்டாம்.

என் கணவர் உடல் கிடைக்கவே இல்லை. எனக்கு இந்த ட்ரிப்ஸ் உதவுமா?

ஒக்கிக்குப் பிறகு இந்தக் கேள்வியோடு வந்த பெண்கள் உண்டு. குழிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு கல்லறைகூட இல்லாதவர்கள். செத்தார் என்று சொல்லவும் வாய் வராது, வருவார் என்று சொல்லவும் முடியாது. இது பெரும்பாலும் பி.டி.எஸ்.டி. அல்ல, முடிவு தெரியாத துக்கம். கெட்டமைன் ஆய்வுகள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகளைக் கவனிக்க முடியவில்லை என்றால் மனநலப் பிரிவுக்கு வாருங்கள், அந்த வேதனையைக் குறைக்க முடியும். இதே நிலையில் இருக்கிற நாலு பெண்கள் மாதம் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பேசியதில், ட்ரிப்ஸ் செய்யாததைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறோம். கழற்ற வேண்டுமா?

வேண்டாம். கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். ட்ரிப்ஸ் ஊசி குத்துகிற இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சிகிச்சை நடக்கும்போது தொழிலுக்குப் போகலாமா?

ட்ரிப்ஸ் போட்டால் மறுநாள் நன்றாகத் தூங்கி எழும்வரை பைக்கும் வேண்டாம், படகும் வேண்டாம். வாரக்கணக்கில் தங்கல் போகிறவர்களால், அதாவது கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிறவர்களால், இரண்டு மூன்று வாரத்தில் ஆறு தடவை வரவும் முடியாது, வாராவாரம் பேச்சு சிகிச்சைக்கு வரவும் முடியாது. பாதியில் நிற்பதற்குப் பெரிய காரணம் இதுதான், நோயாளியின் மனசு அல்ல. அதனால் நான் மீன்பிடித் தடைக்காலத்தைப் பார்த்து நாள் குறிக்கச் சொல்கிறேன். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அறுபத்தொரு நாள். எட்டு அமர்வு தாராளமாக அடங்கும். தடைக்காலம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆசாரிப்பள்ளத்தில் முதல் சீட்டைப் போட்டுவிடுங்கள். வலை பின்ன உட்காரும் முன் ஆளைப் பிடித்தால்தான் உண்டு.